ஊசிக் காதும் கண் தசையும்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை எங்களுக்குத் தையல் வகுப்பு. எங்கள் தையல் சிஸ்டருக்கு வயது ஐம்பத்து மூன்று. அவர்கள் போடும் சங்கிலித் தையலில் ஒரு கண்ணி பெரிதாகவோ சிறிதாகவோ இருந்து நாங்கள் பார்த்ததில்லை. ஆயினும் ஊசியில் நூல் கோக்கும் நேரம் வந்தால் மட்டும் எங்களில் ஒருத்தியை அழைப்பார்கள். அதற்கு முன் தாமே ஒருமுறை முயன்று பார்ப்பார்கள். ஊசியைப் பிடித்த கை மெல்ல மெல்ல முகத்தை விட்டு விலகும். முழங்கை நிமிரும். தலை பின்னால் சாயும். நூல் ஊசிக் காதின் அருகே வந்து, வழுக்கி, பக்கத்தில் போய்விடும். “இங்கே வாம்மா, உன் கண் நல்ல கண், கோத்துக் கொடு” என்பார்கள். தைப்பது கைப்பழக்கம், ஆனால் ஊசிக் காது கைக்குத் தெரிவதில்லை அல்லவா?

ஒருநாள் சிஸ்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தபோது எங்களில் ஒருத்தி அதேபோல் கையை நீட்டித் தலையைச் சாய்த்து நடித்துக் காட்டினாள். அவள் யார் என்று எழுதப் போவதில்லை. வகுப்பு முழுவதும் சிரித்தபடியால் குற்றத்தில் எல்லாருக்கும் பங்கு உண்டு. சிஸ்டர் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். கோபிக்கவில்லை. “என் கை இன்னும் ஒரு சாண் நீளமாக இருந்திருந்தால் உங்களை நான் ஏன் கூப்பிடப் போகிறேன்?” என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்கத் தொடங்கினார்கள். மணி அடிக்கும் வரை எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை.

செய்தி எப்படியோ எங்கள் அறிவியல் டீச்சருக்கு எட்டிவிட்டது. திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தவர், திட்டுவார் என்று எதிர்பார்த்த எங்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். “சிஸ்டர் ஏன் கையை நீட்டுகிறார்கள்? அவர்கள் கண்ணுக்குள் என்ன நடக்கிறது?” கண்ணின் ஏற்பமைவுத் திறன் என்றால் என்ன என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு நாங்கள் எல்லாருமே சரியான விடை எழுதியவர்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. “அப்படியானால் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள், படிக்கவில்லை. ஒரு மாதம் தருகிறேன், கண்டுபிடியுங்கள்” என்றார் டீச்சர். அந்த ஒரு மாதத்தில் நாங்கள் படித்தும், கேட்டும், செய்து பார்த்தும் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

கண்ணுக்குள் இருப்பவை

நம் கண் முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு பந்து. அதன் முன்புறத்தில் கண்ணாடி போன்று தெளிவாக இருக்கும் பகுதி கார்னியா. அதற்குப் பின்னால் ஐரிஸ் என்னும் நிறமுள்ள திரை. அதன் நடுவில் உள்ள துளையே கண்பாவை. கண்பாவைக்குப் பின்னால் விழிலென்சு. எல்லாவற்றுக்கும் பின்னால் விழித்திரை. வெளியே உள்ள பொருளின் பிம்பம் விழித்திரையில் கூர்மையாக விழுந்தால்தான் பொருள் தெளிவாகத் தெரியும்.

ஒளியை வளைத்துக் குவிப்பது விழிலென்சின் வேலை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். உண்மையில் அந்த வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கார்னியாவே செய்துவிடுகிறது. ஓய்வாக இருக்கும் கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டையாப்டர். அதில் 40-க்கும் மேல் கார்னியாவினுடையது. ஆனால் கார்னியாவின் வளைவு மாறாதது. பார்க்கும் பொருளுக்கு ஏற்பத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்வது சட்டைப் பொத்தான் அளவே உள்ள விழிலென்சு ஒன்றுதான்.

அது தானாக மாறுவதில்லை. அதைச் சுற்றிலும் வளையமாக ஒரு தசை இருக்கிறது. அதற்குச் சிலியரித் தசை என்று பெயர். தசைக்கும் லென்சின் விளிம்புக்கும் இடையே, சக்கரத்தின் ஆரக்கால்கள் போல, மிக மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்டுள்ளன. லென்சு இந்த இழைகளில்தான் தொங்குகிறது. இவற்றைத் தொங்கு இழைகள் என்கிறோம்.

இந்த இழைகளைக் கவனமாக விவரித்து 1755-ஆம் ஆண்டில் கண்ணைப் பற்றி நூல் எழுதியவர் ஜெர்மனியின் கட்டிங்கன் நகரப் பேராசிரியர் ஜோஹன் காட்ஃப்ரீட் ஜின். அவர் தாவர இயல் அறிஞருமாவார். 31 வயதிலேயே இறந்துபோன அவருடைய நினைவாகத்தான் தாவரங்களுக்குப் பெயரிட்ட லின்னேயஸ் ஒரு பூவுக்கு ஜினியா என்று பெயர் வைத்தார். நம் பள்ளித் தோட்டத்தில் வரிசையாகப் பூத்து நிற்கும் அதே ஜினியாதான். தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்றும் நாங்கள், அந்தப் பெயர் எங்கள் கண்ணுக்குள்ளும் இருப்பதை இப்போதுதான் அறிந்தோம்.

இரண்டும் ஒரே நேரத்தில் தெரியாது

வாசகர்களே, ஒரு பென்சிலை முகத்துக்கு நேரே ஒரு சாண் தொலைவில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சன்னலுக்கு வெளியே உள்ள தென்னை மரத்தைப் பாருங்கள். மட்டைகள் தெளிவாகத் தெரியும், பென்சில் மங்கிவிடும். இப்போது பென்சிலின் முனையைப் பாருங்கள். முனை கூர்மையாகும், தென்னை கலங்கிவிடும். எவ்வளவு முயன்றாலும் இரண்டையும் ஒருசேரத் தெளிவாகக் காண இயலாது. பார்வையை மரத்திலிருந்து பென்சிலுக்கு மாற்றும்போது கண்ணுக்குள் ஏதோ ஒன்று மாறுகிறது என்பதற்கு இதுவே சான்று.

இதை இன்னும் அழகாகக் காட்டியவர் சேசு சபைக் குருவான கிறிஸ்டோஃப் ஷைனர். 1619-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கண்ணைப் பற்றிய நூலில் உள்ள சோதனையை ஓர் அஞ்சலட்டையும் ஊசியும் கொண்டு நாங்கள் செய்து பார்த்தோம். அட்டையில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளைகள் இட்டு, அட்டையைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, இரண்டு துளைகளின் வழியாகவும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும். தோழி ஒருத்தி ஓரடி தொலைவில் ஓர் ஊசியை நிமிர்த்திப் பிடிக்கட்டும். ஊசியைப் பார்த்தால் ஓர் ஊசி. அதைத் தாண்டித் தொலைவில் உள்ள சுவரைப் பார்த்தால் அந்த ஒரே ஊசி இரண்டாகத் தெரியும்! காரணம் எளிது. தொலைவுக்கு அமைந்த கண்ணில் ஊசியிலிருந்து வரும் இரு ஒளிக்கதிர்கள் விழித்திரையில் ஒரே புள்ளியில் சேர்வதில்லை; இரண்டு இடங்களில் விழுகின்றன. சோதனை முடிந்ததும், தன் கண்ணைத் தானே நம்ப முடியவில்லை என்று அட்டையை வாங்கி வாங்கிப் பார்த்தவர்கள் பலர்.

நெருங்கினால் தளரும்

அப்படியானால் கிட்டப் பார்க்கும்போது சிலியரித் தசை என்ன செய்கிறது? “லென்சைப் பிடித்து அழுத்திக் குண்டாக்குகிறது” என்றோம் நாங்கள். “தசைக்கும் லென்சுக்கும் நடுவில் இருப்பது இழைகள். நூலால் ஒரு பொருளை இழுக்கலாம், அழுத்த முடியுமா?” என்று கேட்டார் டீச்சர். தையல் படிக்கும் நாங்கள் அதை யோசித்திருக்க வேண்டும்.

எனவே விளையாட்டுத் திடலில் ஒரு கண்ணைச் செய்து பார்த்தோம். நீளும் தன்மையுள்ள பனியன் துணியில் பஞ்சு அடைத்துக் கொழுக்கட்டை போன்ற ஓர் உருண்டை தைத்தோம். அதன் விளிம்பைச் சுற்றி எட்டு ரிப்பன்களைத் தைத்து, எட்டுப் பேர் ஆளுக்கு ஒரு ரிப்பனைப் பிடித்து வட்டமாக நின்றோம். எட்டுப் பேரும் சேர்ந்த வட்டமே சிலியரித் தசை, ரிப்பன்கள் தொங்கு இழைகள், உருண்டையே விழிலென்சு.

எல்லாரும் ஓரடி பின்னால் நகர்ந்தோம். வட்டம் பெரிதாயிற்று, ரிப்பன்கள் விறைத்தன, உருண்டை பக்கவாட்டில் இழுபட்டுத் தட்டையாயிற்று. எல்லாரும் ஓரடி முன்னால் வந்தோம். வட்டம் சிறிதாயிற்று, ரிப்பன்கள் தளர்ந்தன, உருண்டை தானாகவே மீண்டும் குண்டாயிற்று. அதை யாரும் தொடக்கூட இல்லை.

கண்ணிலும் இதுவே நடக்கிறது. சிலியரித் தசை சுருங்கும்போது அதன் வளையம், சுருக்குப் பையின் வாய் போல, சிறிதாகிறது. அதனால் இழைகள் தளர்கின்றன. இழுப்பிலிருந்து விடுபட்ட லென்சு தன் மீள்தன்மையால் தானே குண்டாகிறது. குண்டான லென்சு ஒளியை அதிகம் வளைக்கும். ஆகவே அருகில் உள்ள பொருள் தெளிவாகும். தசை ஓய்வெடுக்கும்போது வளையம் அகல்கிறது, இழைகள் விறைக்கின்றன, லென்சு தட்டையாகிறது. தொலைவில் உள்ள பொருள் தெளிவாகும்.

எங்கள் விளையாட்டுக்கும் கண்ணுக்கும் ஒரு வேறுபாட்டை டீச்சர் சுட்டிக்காட்டினார். நாங்கள் பின்னால் நகர்ந்து இழுத்தது எங்கள் பலத்தால். கண்ணிலோ தசை ஓய்ந்த நேரத்தில் இழைகளை விறைப்பாக்குவது கண் சுவரின் உட்படலத்துக்கு உள்ள மீள்தன்மை. தசையின் வேலை சுருங்குவது மட்டுமே.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. தொலைவில் பார்ப்பது கண் தசைக்கு ஓய்வு. அருகில் பார்ப்பதே உழைப்பு. வானத்தைப் பார்க்கும்போது நம் கண் உட்கார்ந்திருக்கிறது எனலாம். புத்தகத்தைப் பார்க்கும்போது அது நின்றுகொண்டு வேலை செய்கிறது.

இந்தத் தசை நம் கட்டளைக்காகக் காத்திருப்பதில்லை. இரைப்பையில் உள்ள தசையைப் போல இதுவும் இயங்கு தசையாகும். மூளையிலிருந்து வரும் மூன்றாவது கபால நரம்பின் வழியே இதற்குச் செய்தி வருகிறது. அதே நேரத்தில் இரு கண்களும் மூக்குப் பக்கமாகச் சற்றுத் திரும்புகின்றன, கண்பாவையும் சுருங்குகிறது. இம்மூன்றும் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகின்றன. கரும்பலகையைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதும் ஒரு பாடவேளையில் இதை எத்தனை முறை செய்கிறோம் என்று எண்ண முயன்று தோற்றோம்.

சிறு வயதினருக்குக் கண்ணாடியின் அளவைக் காணும்போது மருத்துவர்கள் சொட்டு மருந்து விடுவதும் இத்தசையை ஓயச் செய்வதற்கே. எங்களில் ஒருத்திக்குச் சென்ற விடுமுறையில் அவ்வாறு மருந்து விட்டார்கள். வீடு திரும்பும் வழியில் தூரத்துப் பேருந்தின் பெயர்ப்பலகை தெரிந்தது. கையில் இருந்த பயணச்சீட்டு தெரியவில்லை. அன்று பயந்து அழுதவள், காரணத்தை இப்போதுதான் புரிந்துகொண்டாள்.

அறிஞர்கள் கண்ட வழி

நாங்கள் ஒரு மாலையில் ரிப்பன் பிடித்துக் கண்டதை உலகம் அறிய இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின. விழித்திரையில்தான் பிம்பம் விழுகிறது, அதுவும் தலைகீழாக விழுகிறது என்று 1604-ஆம் ஆண்டில் கெப்ளர் விளக்கினார். ஆனால் கிட்டப் பார்க்கும்போது லென்சு முன்னும் பின்னும் நகர்கிறது என்று அவர் எண்ணினார். மீன்களின் கண்ணில் அப்படித்தான் நடக்கிறது. மனிதக் கண்ணில் இல்லை. லென்சின் வடிவமே மாறுகிறது என்ற கருத்தை 1637-இல் டேக்கார்ட் வெளியிட்டார்.

அதற்குச் சான்று தேடியவர் இங்கிலாந்தின் தாமஸ் யங். 1793-ஆம் ஆண்டில், இருபது வயது நிறையும் முன்பே, ராயல் சங்கத்தில் இது பற்றிக் கட்டுரை அளித்தவர். 1801-இல் வெளியான தம் புகழ்பெற்ற கட்டுரையில் அவர் ஒவ்வொரு ஐயமாக நீக்குகிறார். கார்னியா வளைகிறதோ? கண்ணைத் தண்ணீரில் வைத்தால் கார்னியாவின் திறன் ஏறக்குறைய இல்லாமற் போகும். அவர் அவ்வாறு வைத்து, அதற்கு ஈடாக வேறு லென்சு ஒன்றை முன்னால் பொருத்திப் பார்த்தார். அப்போதும் கிட்டேயும் எட்டேயும் பார்வையை மாற்ற முடிந்தது. ஆகவே கார்னியா அல்ல. கண் உருண்டை நீள்கிறதோ? தம் கண்ணையே முன்னும் பின்னும் வளையங்களால் பிடித்து வைத்துச் சோதித்து, அதுவும் அல்ல என்று கண்டார். தோழியரே, இதை மட்டும் யாரும் செய்து பார்க்க வேண்டாம்! மிஞ்சியது லென்சு ஒன்றே. ஆனால் லென்சே ஒரு தசை என்று எண்ணியது அவருடைய பிழை.

உண்மையான தசையை 1840-களில் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் புரூக்கேயும் இங்கிலாந்தில் வில்லியம் பௌமனும் தனித்தனியே கண்டு விளக்கினர். கண்ணில் தெரியும் மெழுகுவத்திச் சுடரின் பிரதிபலிப்பைக் கொண்டு, கிட்டப் பார்க்கும்போது லென்சின் முன்புறம் அதிகமாக வளைவதை நெதர்லாந்து மருத்துவர் கிரேமர் 1853-இல் காட்டினார். தசை சுருங்க இழைகள் தளர்ந்து லென்சு குண்டாகிறது என்ற முழு விளக்கத்தை 1855-இல் தந்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

கை ஏன் நீள்கிறது?

இனி டீச்சரின் கேள்விக்கு வருவோம். ஓர் அடிக்கோலைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து, பாடநூலின் ஒரு வரியை எவ்வளவு அருகில் கொண்டுவந்தால் எழுத்து கலங்குகிறது என்று அளந்தோம். இதுவே அண்மைப்புள்ளி. எங்கள் வகுப்பில் பலருக்கும் 8 முதல் 10 சென்டிமீட்டர் வந்தது. இருபத்தெட்டு வயதான எங்கள் டீச்சருக்கு 13. கணித டீச்சருக்கு வயது நாற்பத்தொன்று, அவருக்கு 23. தயங்கித் தயங்கித் தையல் சிஸ்டரிடம் சென்றோம். அவர்கள் சிரித்துக்கொண்டே புத்தகத்தை வாங்கினார்கள். 50 சென்டிமீட்டர்.

டையாப்டர் என்பது மீட்டரில் கூறிய தொலைவின் தலைகீழ் மதிப்பு என்று படித்திருக்கிறோம். எங்கள் லென்சு 10 சென்டிமீட்டர் வரை பார்க்க 10 டையாப்டர் திறனைக் கூட்டிக்கொள்கிறது. சிஸ்டரின் லென்சால் 2 டையாப்டர்தான் கூட்ட முடிகிறது. ஒரு சாண் தொலைவில் ஊசிக் காதைப் பார்க்கவோ 4 டையாப்டருக்கு மேல் வேண்டும். இல்லாத திறனுக்காகத்தான் கை நீள்கிறது.

தசை களைத்துவிட்டதோ என்று நாங்கள் நினைத்தோம். அதுவும் தவறு. விழிலென்சு வாழ்நாள் முழுவதும் வளர்கிறது. வெங்காயத்தைப் போல அடுக்கின்மேல் அடுக்காகப் புதிய இழைகள் சேர்கின்றன, பழையவை உதிர்வதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல லென்சு இறுகிப்போகிறது. தசை சுருங்குகிறது, தொங்கு இழைகளும் தளர்கின்றன. ஆனால் இறுகிய லென்சு குண்டாக மறுக்கிறது. முதிய வயதிலும் சிலியரித் தசை சுருங்குவதை எம்.ஆர்.ஐ. படங்கள் மூலம் 1999-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பனியன் துணி உருண்டைக்குப் பதிலாக, கெட்டியான கித்தான் துணியில் தட்டையாகத் தைத்த ஒன்றை வைத்து விளையாட்டை மறுபடியும் செய்தோம். எட்டுப் பேரும் முன்னால் வந்தோம். ரிப்பன்கள் தொங்கின. கித்தான் அப்பளம் போலத் தட்டையாகவே கிடந்தது. வட்டமாக நின்ற எங்களுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. சிஸ்டரின் கண்ணில் எட்டுப் பேரும் இன்றும் ஓடிவந்துகொண்டுதான் இருக்கிறார்கள்!

இதற்கு நம் மக்கள் வைத்த பெயர் வெள்ளெழுத்து. சாளேசரம் என்போரும் உண்டு. கருப்பு எழுத்தும் வெளுத்துத் தெரிவதால் முன்னதே பொருத்தமான பெயர் என்று தோன்றுகிறது. இது நோய் அன்று. நாற்பதைக் கடந்த ஏறக்குறைய எல்லாருக்கும் வருவது. கண் பயிற்சியால் இறுகிய லென்சு இளகாது. கண்ணாடி போட்டுப் பழகினால் கண் மேலும் கெடும் என்பதும் உண்மையன்று; கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் லென்சு தன் வழியே இறுகும்.

ஒரு தாயின் பயம்

நாங்கள் கற்றதை வீட்டில் சொன்னபோது எங்களில் ஒருத்தியின் தாய் நீண்ட நேரம் பேசாமல் இருந்தாராம். அவருக்கு நாற்பத்து நான்கு வயது. ரவிக்கை தைத்துக் குடும்பத்துக்கு உதவுபவர். ஓராண்டாக அவரால் விளக்கு வைத்த பிறகு காஜா எடுக்கவோ கொக்கி கட்டவோ முடியவில்லை. பகல் வெயிலில் திண்ணையில் உட்கார்ந்தால் ஓரளவு முடிகிறது. தம் தாயைப் போலத் தமக்கும் கண் போகிறது என்று பயந்து, செலவுக்கு அஞ்சி, ஒருவரிடமும் சொல்லாமல், வந்த துணிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். “கண் மட்டும் நன்றாக இருந்தால் உன்னைப் பிளஸ் டூ வரை பயமில்லாமல் படிக்க வைப்பேன்” என்று மகளிடம் முதன்முறையாக அன்றுதான் கூறினார்.

வெயிலில் முடிவதும் விளக்கில் முடியாததும் ஏன் என்று மகளுக்குத் தெரிந்திருந்தது. நல்ல வெளிச்சத்தில் கண்பாவை ஊசித் துளை போலச் சுருங்குகிறது. சிறு துளை வழியே வரும் ஒளியில் பிம்பத்தின் கலக்கம் குறையும். மங்கலான விளக்கில் கண்பாவை விரிய, கலக்கமும் கூடும். அவள் ஓர் அட்டையில் குண்டூசியால் ஒரு துளையிட்டு, வெளிச்சத்தில் அதன் வழியே காலண்டரின் சிறு எழுத்தைப் பார்க்கச் செய்தாள். தாய் படித்துவிட்டார். “கண் போகவில்லையம்மா, கண்ணாடிதான் வேண்டும் போலிருக்கிறது, டாக்டரிடம் காட்டுவோம்” என்றாள்.

அடுத்த ஞாயிறு பங்கு மண்டபத்தில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. அவருக்கு வெள்ளெழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இப்போது மாலையிலும் தைக்கிறார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. கிட்டப் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த இலையின் அளவு, பெறாதவர்களைவிட ஏறத்தாழ 21 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. ஒரு சிறு கண்ணாடிக்குள் எத்தனை பேருடைய சோறு இருக்கிறது!

கண்ணாடி பழைய கண்டுபிடிப்பு. 1306-ஆம் ஆண்டில் புளோரன்ஸ் நகரில் மறையுரை ஆற்றிய, புனித சாமிநாதர் சபையைச் சேர்ந்த ஜோர்தானோ என்னும் துறவி, கண்ணாடி செய்யும் கலை தோன்றி இன்னும் இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை என்றார். அந்த முதற் கண்ணாடிகள் வெள்ளெழுத்துக்கான குவிலென்சுகளே. இத்தாலியில் ட்ரெவிசோ நகரில் 1352-இல் தீட்டப்பட்ட சுவரோவியத்தில் ஒரு கர்தினால் மூக்குக் கண்ணாடியுடன் எழுதிக்கொண்டிருக்கிறார். கர்தினாலே அணிந்திருக்க, நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோர்களே, நாற்பதைக் கடந்தவர்கள் கடைத்தெருவில் ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வதோடு நின்றுவிட வேண்டாம். கண்ணின் உள் அழுத்தம் கூடும் நோய் போன்ற சில கோளாறுகள் வலியின்றி வரக்கூடியவை. மருத்துவரிடம் ஒருமுறை முழுமையாகக் காட்டிக்கொள்வது நல்லது.

தோழியரே, கரும்பலகை மங்கினால் அது வெள்ளெழுத்து அன்று. கண் உருண்டை சற்று நீண்டுவிட, பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுவதுதான் கிட்டப்பார்வை. அதற்குக் குழிலென்சு வேண்டும். முன் பெஞ்சுக்கு இடம் மாற்றிக் கேட்டு நாட்களைக் கடத்தாமல் வீட்டில் சொல்லிவிடுங்கள். நாள்தோறும் திறந்த வெளியில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தோன்றுவது குறைகிறது என்று ஆய்வுகள் கூறுகின்றன. புத்தகமோ கைபேசியோ, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பால் இருபது நொடிகள் பாருங்கள். உள்ளே உழைக்கும் தசைக்கு நாம் கொடுக்கும் இடைவேளை அது.

கடைசியாக ஒரு செய்தி. முகாமுக்கு எங்கள் தையல் சிஸ்டரையும் அழைத்துச் சென்றோம். “ஊசிக்காக ஒரு கண்ணாடியா?” என்று முதலில் மறுத்தார்கள், பிறகு வந்தார்கள். கிட்டப் பார்வைக்கு +2.00 கண்ணாடி கொடுத்தார்கள். அவர்களுடைய லென்சின் 2, கண்ணாடியின் 2, ஆக 4 டையாப்டர். அதாவது 25 சென்டிமீட்டர். எங்கள் கணக்கு சரியாக வந்ததில் எங்களுக்குப் பெருமைதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊசியைக் கையில் எடுத்ததும், அன்று நடித்துக் காட்டியவள் வழக்கம்போல் நூல் கோக்க எழுந்து நின்றாள். சிஸ்டர் அவளைப் பார்க்கவில்லை. முழங்கை மடங்கியே இருந்தது. நூல் ஒரே முறையில் காதுக்குள் நுழைந்தது. பிறகுதான் நிமிர்ந்து, “நீ ஏனம்மா நிற்கிறாய்? உட்கார்ந்து தை” என்றார்கள்.